இன்ஜின் பின்னால், டிரைவர் முன்னால்



புறநகர் மின்சார ரயிலில் இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். இந்த வசதி நீராவிக் காலத்திலேயே இருந்தது தெரியுமா?

அன்று கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். சிறு கிளைப் பாதைகளுக்கு இது வீண் நேரம், வீண் செலவு. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1900-களின் முதல் பத்தாண்டில் 'ஆட்டோகோச்' பெட்டிகளைக் கொண்டுவந்தது.

பெட்டியின் முனையில் அகலக் கண்ணாடிகளுடன் டிரைவர் அறை. அங்குள்ள கைப்பிடியைத் திருப்பினால், தரைக்கடியில் செல்லும் தண்டுகள் இன்ஜினின் ரெகுலேட்டரை இயக்கும். பிரேக்கும் அங்கேயே. முகப்பில் காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய மணி. தாழ்ந்த நிறுத்தங்களில் இறங்க, நீட்டி மடக்கும் படிகள். இதற்கென்றே 1932 முதல் 75 சிறிய இன்ஜின்கள் கட்டப்பட்டன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும்போது ஃபயர்மேன் அதில் தனியாக இருப்பார். கரி, தண்ணீர், நீராவி அழுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. பாதையைப் பார்ப்பவர் டிரைவர். இருவரும் மணி ஒலிக் குறியீட்டால் பேசிக்கொண்டார்கள். பயணிகளின் உயிர் அந்தப் புரிதலை நம்பியிருந்தது.

டிட்காட் ரயில்வே மையத்தில் இத்தகைய பெட்டிகளை இன்றும் காணலாம். இங்கிலாந்து செல்பவர்கள் தவறவிடாதீர்கள்!