சவரக்கத்தியும் கழுத்துத் தோலும்

முகச்சவரத்தில் கன்னம் எளிய இடம், கழுத்து கடினமான இடம். கன்னத்தில் முடி பெரும்பாலும் மேலிருந்து கீழாகச் சாய்ந்து வளர்கிறது. தாடை எலும்புக்குக் கீழே வந்ததும் அதே முடி சிலருக்குப் பக்கவாட்டிலும், சிலருக்குக் கீழிருந்து மேலாகவும், குரல்வளையின் இருபுறக் குழிவுகளில் சுழி சுழியாகவும் திரும்பிவிடுகிறது. அடியில் எலும்பின் தாங்கல் இல்லாத கழுத்துத் தோல் தளர்ந்திருப்பதால், கத்தி நகரும்போது தோலும் கூடவே நகர்ந்து, அதன் விளிம்புக்கு முன்னால் சிறு மடிப்பாக எழுந்து நிற்கிறது. சவரத்துக்குப் பின் தோன்றும் எரிச்சலும் சிவப்பும், ஓரிரு நாள் கழித்துத் தடிக்கும் பருக்களும் மற்ற இடங்களைவிடக் கழுத்தில் மிகுதியாக இருப்பதற்கு இந்த உடற்கூறே முதற்காரணம். ஆனால் உடற்கூறு எக்காலத்தும் ஒன்றே. கத்தியும், அதைப் பிடித்த கையும், எவ்வளவு ஒட்ட மழித்தால் போதும் என்ற எதிர்பார்ப்பும்தான் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. சவரக் கருவிகளின் வரலாறு வழக்கமாகக் கூர்மையும் பாதுகாப்பும் படிப்படியாக வளர்ந்த வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. கழுத்தின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அந்த வெற்றியின் விலையும் சேர்ந்தே தெரியும்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில், கி.மு. 300ஆம் ஆண்டையொட்டி டிசினியஸ் மேனா என்பவர் சிசிலித் தீவிலிருந்து ரோமுக்கு நாவிதர்களை அழைத்துவந்தார் என்றும், நாள்தோறும் மழித்துக்கொள்ளும் வழக்கத்தை இளைய சிப்பியோ ஆஃப்ரிக்கானஸ் தொடங்கினார் என்றும் குறிப்பிடுகிறார். மோவாயில் தொடங்கிக் கழுத்துக்கும் மார்புக்கும் இறங்கிய ‘மென்டாக்ரா’ என்ற தோல்நோய் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமப் பெருமக்களிடையே பரவியதையும் அவரே பதிவு செய்கிறார். அந்நோய் முத்தத்தால் தொற்றியது என்பதே அவர் கருத்து. கத்தியை அவர் குறை கூறவில்லை. ஆயினும் பிற்கால ஐரோப்பிய மருத்துவர்கள், தாடியின் மயிர்க்கால்களில் சீழ் பிடிக்கும் நோய்க்கு இப்பெயரையும் வழங்கினர். பொது மக்கள் வழக்கில் அது ‘நாவிதர் அரிப்பு’ ஆனது. ஒருவர் முகத்தில் பட்ட கத்தியும் தூரிகையும் கழுவப்படாமல் அடுத்தவர் முகத்துக்குச் சென்ற காலத்தில் அப்பெயருக்கு நியாயம் இருந்தது என்றாலும், கிருமியால் வரும் சீழ்க்கொப்புளம், கத்தி தோலின் மேலடுக்கைச் சுரண்டுவதால் வரும் எரிச்சல், வெட்டிய முடியே தோலுக்குள் திரும்பிக் குத்துவதால் வரும் பரு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்ற தெளிவு பிறக்க நெடுங்காலம் ஆயிற்று.

ஐரோப்பிய நகரங்களில் சவரம் நெடுங்காலம் கைத்தொழில் சங்கங்களின் உரிமையாக இருந்தது. லண்டனில் எட்டாம் ஹென்றி ஆட்சியில் 1540இல் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745இல் மீண்டும் பிரிக்கப்பட்டனர். நாவிதரிடம் முகத்தை ஒப்படைத்தவருக்குக் கிடைத்த நன்மையைப் பிற்காலத்தார் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. நாவிதரால் இரண்டு கைகளையும் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தது. ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, மறு கை கத்தியை ஓட்டியது. தாடைக்கு அடியில் முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அவர் நேரே பார்த்தார். தானே மழித்துக்கொள்பவரோ, தலையை அண்ணாந்தபடி, இடவலம் மாறிய கண்ணாடி உருவத்தில் அதை ஊகித்தே அறிய வேண்டும்.

கத்தியின் தரத்தில் பெரும் மாற்றம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நிகழ்ந்தது. கடிகாரத் தொழிலாளியான பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், 1740களில் எஃகை மூசையில் முழுதாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். மூசை என்பது கடும் வெப்பம் தாங்கும் மண்கலம். முழுதாக உருகி ஒரே சீராக உறைந்த எஃகில்தான் மெல்லிய, பிசிறில்லாத விளிம்பு அமையும். விளிம்பில் பிசிறு இருந்தால் முடி அறுபடுவதற்கு முன் இழுபடும். இழுபடும் முடியோடு கழுத்துத் தோலும் எழும்பி வந்து வெட்டுப்படும். ஆகவே எஃகின் சீர்மை அழகுக்கான செய்தி அன்று, வலியைப் பற்றிய செய்தி.

இந்த இடத்தில் வரலாறு தென்னிந்தியாவைத் தொடுகிறது. இங்கிருந்து ‘வூட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பா சென்ற எஃகின் மாதிரிகள் 1790களில் லண்டன் ராயல் கழகத்தை அடைந்தன. ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து 1795இல் கட்டுரை அளித்தார். லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட், பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய வூட்ஸையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையில் அச்சிட்டிருந்தார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே அவருடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளியைச் சிறிதளவு கலந்த எஃகு அவ்வாய்வுகளில் பேர் பெற்றது, கலவை எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் வட்டாரத்தில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் சிறு மண்மூசையில் இட்டு மூடி உருக்கிய முறையை விரிவாக எழுதி வைத்தார். கட்டையும் இலையும் எரிந்து தரும் கரிமமே இரும்பை எஃகாக்கியது. அதே ஹீத் 1839இல் வார்ப்பெஃகில் மாங்கனீசைப் பயன்படுத்தும் உரிமத்தைப் பெற்றார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர்கள் அதனால் பெரும் பயன் அடைந்தும் அவருக்குரிய பங்கைத் தராமல் வழக்காடினர். சவரக்கத்தியின் வரலாற்றில் தமிழகத்து உலைக்களங்களுக்கு இடம் உண்டு என்பது இன்னும் பரவலாக அறியப்பட வேண்டிய செய்தி.

கத்தி நாவிதர் கையிலிருந்து வீட்டுக்காரர் கைக்கு மாறிய மாற்றத்தைப் பாரிஸ் நகரக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே தெளிவாக உணர்ந்திருந்தார். ஒருவர் தாமே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் அவருடைய நூல் 1769-70ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. மரத்தச்சரின் இழைப்புளியில் உளி சிறிதளவே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் போல, கத்தியின் விளிம்பு சற்றே வெளித்தெரியுமாறு மரக்காப்பு பொருத்திய சவரக்கத்தியையும் அவர் வடிவமைத்தார். லண்டனில் பெஞ்சமின் கிங்ஸ்பரி என்ற கத்தி வணிகரும் அந்நூற்றாண்டின் இறுதியில் சவரக்கத்திகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். இத்தகைய நூல்கள் தோன்றியதே ஒரு சான்று: குருவிடம் பயிலுநர் பல ஆண்டுகள் நின்று கற்ற கைத்திறனை, இனி எழுத்தைப் படித்துப் பெற வேண்டியிருந்தது.

இத்திறனில் கத்திக்கு நிகரான பங்கு தண்ணீருக்கு உண்டு. முடி பெரும்பாலும் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் தளர்வதால், சில நிமிடங்கள் வெந்நீரில் ஊறிய முடி பருத்து, மென்மையடைந்து, மிகக் குறைந்த விசையில் அறுபடுகிறது. சோப்பு முடியின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தை நீக்கி நீரை உள்ளே விடுகிறது. நுரை அந்நீரை உலராமல் காத்து, கத்திக்கும் தோலுக்கும் இடையே வழுக்கும் படலமாக நிற்கிறது. தூரிகையை வட்டமாகச் சுழற்றித் தேய்ப்பது வெறும் சடங்கு அன்று. படிந்து கிடக்கும் கழுத்து முடியை அது நிமிர்த்துகிறது. ஆயினும் தூரிகையே கேடு விளைவித்த காலமும் உண்டு. முதல் உலகப் போர்க்காலத்தில் ஆசியாவிலிருந்து வந்த குதிரைமயிரைச் சரிவரத் தூய்மை செய்யாமல் கட்டிய மலிவான தூரிகைகளால், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரரும் பொதுமக்களும் முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் நோய் கண்டு, சிலர் உயிரிழந்தனர்.

அதற்குள் கத்தியின் வடிவமே மாறியிருந்தது. நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் 1880இல் காப்புடைய ரேசருக்கு உரிமம் பெற்றனர். எனினும் அதன் விளிம்பை அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. தீட்டவே வேண்டாத, மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகட்டைக் கிங் கேம்ப் ஜில்லெட் 1895இல் கற்பனை செய்தார்; அத்தகைய மென்தகட்டுக்கு உறுதியேற்றும் வழியைப் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன் கண்டறிந்தபின், 1903இல் விற்பனை தொடங்கி, 1904 நவம்பரில் உரிமமும் கிடைத்தது. முதல் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. 1918இல் அமெரிக்க அரசு தன் படையினருக்காக 35 லட்சம் ரேசர்களையும் 3.2 கோடி பிளேடுகளையும் வாங்கியது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், தாடி அதற்குத் தடை என்ற காரணமும் அப்போரில் உரம்பெற்றது. நாள்தோறும் மழித்தல் என்பது விருப்பம் என்ற நிலையிலிருந்து கட்டளை என்ற நிலைக்கு உயர்ந்தது இவ்வாறுதான். புதிய ரேசர் ஆழ்ந்த வெட்டுகளைத் தடுத்தது, உண்மை. ஆனால் பயமின்றிக் கத்தி பிடித்த கை அழுத்தியது, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டியது, முடியின் போக்கைப் பாராமல் இழுத்தது. திறந்த கத்தி தவறிய கையை உடனே தண்டித்துக் கற்பித்தது. புதிய ரேசரோ தவறைப் பொறுத்துக்கொண்டு மறுநாள் கழுத்தில் காட்டியது.

மூன்றாவது வகைத் துன்பமான முடிப்பருவின் இயக்கத்தை ஜான் ஸ்ட்ராஸ், ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1956இல் விளக்கினர். கிருமியால் வரும் மயிர்க்கால் அழற்சி போலத் தோன்றினாலும் அது அன்று என்பதால், ‘சூடோஃபாலிகுலைட்டிஸ்’, அதாவது போலி மயிர்க்கால் அழற்சி, என்ற பெயரால் அது அறியப்படுகிறது. சுருள்முடி உடையவரின் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருக்கும். அதிலிருந்து வெளிவரும் முடி, கத்தி சாய்வாக வெட்டிய கூர்முனையோடு வளைந்து, அருகிலுள்ள தோலைத் துளைத்து உள்ளே நுழையும். இது முதல் வழி. தோலை இறுக இழுத்துப் பிடித்து, போக்குக்கு எதிராக மழித்தால், வெட்டுண்ட முடி இழுப்பு விட்டதும் தோல் மட்டத்துக்குக் கீழே பின்வாங்கி, வெளியே வராமலே மயிர்க்காலின் சுவரைக் குத்தும். இது இரண்டாம் வழி. இரண்டிலும் உடல் தன் முடியையே அயற்பொருளாகக் கருதி வீங்குகிறது.

இவ்விளக்கம் நாவிதத் தொழிலின் பழைய பாடம் ஒன்றையே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. தோலை இழுத்துப் பிடித்தல் நேர்முடி உடையவருக்குப் பாதுகாப்பு; தளர்ந்த மடிப்பு விளிம்பில் சிக்காமல் அது காக்கிறது. சுருள்முடி உடையவருக்கோ அதே செயல் பருவுக்கு வித்து. எனவே நல்ல சவரம் என்று எல்லாருக்கும் பொதுவான ஒன்று இல்லை. முடியின் போக்கை விரலால் தடவி அறிதல், முதல் ஓட்டத்தை அப்போக்கிலேயே செலுத்துதல், ரேசரின் எடையை மட்டும் தோலில் தாங்கவிட்டுக் குறுகிய ஓட்டங்களாக மழித்தல், இன்னும் ஒட்ட வேண்டுமானால் மீண்டும் நுரை பூசிப் போக்குக்குக் குறுக்காக மட்டுமே ஓட்டுதல், எதிர்ப்போக்கை வளைமுடி உள்ள கழுத்தில் அடியோடு தவிர்த்தல் என்பன இன்றைய அறிவோடு ஒத்துப்போகும் முறைகள். பிளேடைக் காலத்தே மாற்றுவதற்கும் ஆதாரம் உண்டு: முடியைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானதாயினும், முடி சாய்வாக மோதும்போது விளிம்பின் சீரற்ற இடங்களில் சில்லுகள் பெயர்கின்றன என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியில் காட்டினர்.

மருத்துவம் ஒரு திசையைக் காட்ட, தொழில்துறை எதிர்த்திசையில் சென்றது. 1971இல் ஜில்லெட் நிறுவனம் இரட்டைப் பிளேடு கொண்ட ரேசரை அறிமுகப்படுத்தியது. முதல் பிளேடு முடியைச் சற்றே வெளியே இழுத்து வெட்ட, அது உள்வாங்கும் முன் இரண்டாவது பிளேடு இன்னும் கீழே வெட்டும் என்பதே அதன் விளம்பரப் பெருமை. ஸ்ட்ராஸும் கிளிக்மனும் நோயின் இரண்டாம் வழியாக விவரித்த நிகழ்வு ஏறத்தாழ இதுவே. 1998இல் மூன்றும் 2006இல் ஐந்துமாகப் பிளேடுகள் பெருகின. நேர்முடி உடைய பெரும்பான்மையினருக்கு அவை மழமழப்பைத் தந்தன. ஆனால் சுருள்முடி மிகுதியாகக் காணப்படும் அமெரிக்கக் கறுப்பின ஆண்களில் 45 முதல் 83 விழுக்காட்டினர் வரை முடிப்பருவால் துன்புறுவதாக மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன.

ஒட்ட மழித்த முகத்தை ஒழுங்கின் அடையாளமாகக் கொண்ட நிறுவனங்களில் இத்துன்பம் உரிமைப் பிரச்சினையாக வெடித்தது. அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் எல்மோ ஸம்வால்ட் 1970இல் வீரர்கள் தாடி வைக்க இசைவளித்தார்; 1985 தொடக்கத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. தாடித் தடையால் வேலையிழந்த ஒரு கறுப்பின ஊழியரின் வழக்கில், அத்தடை கறுப்பின ஆண்களையே மிகுதியாகப் பாதிக்கிறது என்று கூறி, மருத்துவ விலக்கு அளிக்குமாறு எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 1980இல், பேருந்து நிறுவனம் ஒன்றுக்கு எதிரான இதே போன்ற வழக்கில் மூன்றாம் வட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. அமெரிக்க விமானப்படை 2020இல் சவர விலக்கை ஐந்தாண்டுகள் வரை செல்லுபடியாகும்படி நீட்டித்தது. 2025இல் காற்று மீண்டும் எதிர்த்திசையில் வீசியது: தரைப்படையும் கடற்போர்ப் படையும் விதிகளை இறுக்கி, நீண்டகால விலக்கு தேவைப்படுவோரைப் பணியிலிருந்து விடுவிக்கவும் வழி செய்தன. வளைந்த மயிர்க்காலும் ஒட்ட வெட்டும் கத்தியும் சேர்ந்து உண்டாக்கும் காயம் என்று 1956இலேயே மருத்துவம் விளக்கிவிட்ட ஒன்றுக்கு, அவ்விதிகள் கத்தியை விட்டுவிட்டுக் கழுத்துக்குரியவரையே பொறுப்பாக்குகின்றன.