கிராம்வெல்: விடுதலை வீரரா, கொடுங்கோலரா?

இறந்து புதைக்கப்பட்டவரைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்ட நிகழ்ச்சி இங்கிலாந்து வரலாற்றில் உண்டு. 1661ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் இலண்டன் மாநகரின் டைபர்ன் தூக்குமேடையில் மூன்று பிணங்கள் தொங்கின. அவற்றுள் ஒன்று ஆலிவர் கிராம்வெல்லுடையது. அவர் இறந்து ஈராண்டுக்கு மேலாகியிருந்தது. மாலையில் பிணத்தை இறக்கித் தலையை வெட்டினர். அத்தலை கழியொன்றில் செருகப்பட்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் உச்சியில் நெடுங்காலம் நின்றது. பிற்காலத்தில் கைமாறிக் கைமாறிக் காட்சிப் பொருளாகவும் ஆன அத்தலைக்கு, அவர் பயின்ற கேம்பிரிட்ஜ் கல்லூரியில் 1960ஆம் ஆண்டில்தான் மண் கிடைத்தது.

அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் வாயிலில், 1899ஆம் ஆண்டு அவருக்குச் சிலை எழுந்தது! அதுவும் எளிதில் எழவில்லை. அரசுப் பணத்தில் சிலை வைக்கும் திட்டத்தை 1895இல் ஐரிஷ் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்து வீழ்த்தினர். பிரதமராயிருந்த ரோஸ்பெரி பிரபுவே பெயர் சொல்லாமல் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். பின்னர்க் கடற்படை அமைச்சரான சர்ச்சில் ஒரு போர்க்கப்பலுக்குக் கிராம்வெல் பெயரைச் சூட்ட விரும்பியபோது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இணங்க மறுத்தார். மன்னரின் மனநிலை நமக்கு விளங்காததன்று. ஆயினும் 2002ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில், தலைசிறந்த பிரிட்டானியர் பதின்மருள் கிராம்வெல்லும் ஒருவராக வந்தார்.

ஒரு மனிதரைப் பற்றி இத்துணை மாறுபாடு ஏன்? அவரைப் போற்றுவோர் கூறுவதை முதலில் கேட்போம். மன்னன் கடவுளின் பிரதிநிதி, அவனைக் கேள்வி கேட்க எவர்க்கும் உரிமையில்லை என்று இருந்த காலத்தில், முதலாம் சார்லஸ் மன்னனை விசாரித்து, 1649 சனவரி 30 அன்று தண்டனையை நிறைவேற்றினர். அந்த மரண ஆணையில் கையொப்பமிட்ட 59 பேரில் கிராம்வெல் மூன்றாமவர். பிறப்பினால் வரும் பெருமைக்கு அன்று விழுந்த அடி பெரிதே. 1657இல் முடியே அவரைத் தேடி வந்தபோதும் அவர் அதனை ஏற்கவில்லை.

இனி ஐரிஷ் மக்கள் கூறுவதைக் கேட்க வேண்டும். 1649 செப்டம்பரில் ட்ரொகெடா நகர், அக்டோபரில் வெக்ஸ்ஃபோர்டு நகர். இவ்விரண்டும் ஐரிஷ் நினைவில் ஆறாத வடுக்கள். ட்ரொகெடாவில் சரணடைந்த போர்வீரர்களும் பாதிரிமார்களும் கொல்லப்பட்டனர். இதனை இறைவனின் நீதித் தீர்ப்பு என்றே கிராம்வெல் எழுதினார். பொதுமக்கள் எத்தனை பேர் மாண்டனர் என்பதில் மட்டும் ஆராய்ச்சியாளரிடையே வழக்கு உண்டு. ட்ரொகெடா ஊர்க்காரரான டாம் ரெய்லி என்பவரே, பொதுமக்கள் படுகொலைக்குச் சான்றில்லை என்று 1999இல் நூலெழுதினார். பலர் அதனை மறுத்தனர். நம் கருத்தில், வாளைவிடக் கொடியது பின்னர் வந்த நிலச்சட்டம். 1652ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கத்தோலிக்கரின் நிலம் பறிக்கப்பட்டது. 1641இல் அந்நாட்டு நிலத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்த அவர்களிடம், 1688இல் கால்பங்குகூட இல்லை. ஆயிரக்கணக்கானோர் பார்படோஸ் முதலிய தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். வாள் ஒரு தலைமுறையை வெட்டும். நிலத்தை இழந்தவன் பேரனும் கூலியாளாகவே பிறப்பான். இதனை நம் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

மாமனிதர் எனப்படுவோரை எப்படி அளப்பது என்னும் வினாவை அண்ணல் அம்பேத்கர் 1943 சனவரி 18 அன்று புனா நகரில், ரானடே விழாச் சொற்பொழிவில் விரிவாக ஆராய்ந்தார். கிராம்வெல்லின் கடிதங்களையும் சொற்பொழிவுகளையும் 1845இல் தொகுத்து வெளியிட்டு, அவர் புகழை மீட்டெடுத்த கார்லைலின் கருத்தையும் அண்ணல் அங்கே எடுத்துக்கொண்டார். மாமனிதனுக்கு உண்மையான உள்ளம் வேண்டும் என்பது கார்லைல் கொள்கை. அது மட்டும் போதாது, சமுதாய நோக்கம் அவனை இயக்க வேண்டும், சமுதாயத்தின் அழுக்கைத் துடைப்பவனாக அவன் இருக்க வேண்டும் என்றார் அண்ணல். கிராம்வெல்லிடம் உண்மையுள்ளம் இருந்ததை அவர் பகைவரும் முற்றாக மறுப்பதில்லை. ட்ரொகெடாவிலும் அவர் உண்மையுள்ளத்தோடுதான் இருந்தார்! ஆகவே அவரை அளக்க, அவருடைய சொந்தப் படைவீரர்களிடமே செல்வோம்.

1647 அக்டோபர் இறுதியில், தேம்ஸ் ஆற்றங்கரையில் புட்னி என்னும் ஊரின் தேவாலயத்தில் படையினர் கூடி விவாதித்தனர். தலைமை தாங்கியவர் கிராம்வெல். மேடு பள்ளத்தைச் சமன் செய்வோர் என்னும் பொருளில் லெவலர்கள் என அழைக்கப்பட்டோரும், படைவீரர்களின் பிரதிநிதிகளும் அங்கே இருந்தனர். இங்கிலாந்தின் மிக வறியவனுக்கும் பெருஞ்செல்வனைப் போலவே வாழ ஓர் உயிர் உண்டு, அவன் இசைவின்றி அவனை ஆளுதல் தகாது என்று படைத்தளபதி ரெயின்ஸ்பரோ வாதிட்டார். கிராம்வெல்லின் மருமகன் அயர்டன் மறுத்தார். நிலமும் சொத்தும் உடையவனுக்கே நாட்டில் நிலையான பங்கு உண்டு, அவனுக்கே வாக்கு என்றார். இல்லாதவனுக்கு வாக்களித்தால் இருப்பவன் சொத்துக்கு என்ன காவல் என்பதே அவர் அச்சம். கிராம்வெல் இது அராஜகத்தில் முடியும் என்றார். அந்த வாதம் நமக்குப் புதியதா? பின்னாளில் நம் நாட்டிலும் படிப்பும் சொத்தும் இல்லாதவனுக்கு வாக்கு எதற்கு என்று கேட்டவர் பலர். லெவலர்களையும் நாம் பூமாலையிட்டு நிறுத்திவிட முடியாது. ஏவலாளரையும் பிச்சையெடுப்போரையும் விலக்க அவர்களுள் சிலர் இசைந்தனர். பெண்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆடவர் அனைவர்க்கும் அந்நாட்டில் வாக்கு வந்தது 1918ஆம் ஆண்டு. பெண்கள் சமவாக்குப் பெற்றது 1928ஆம் ஆண்டு.

மன்னன் தலை விழுந்த நான்காம் மாதம், சம்பள பாக்கியும் தம் கோரிக்கைகளும் தீராமல் அயர்லாந்துக்குக் கப்பலேற மாட்டோம் என்று சில படைப்பிரிவுகள் கிளர்ந்தன. பர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் கிராம்வெல் நள்ளிரவில் அவர்களைச் சூழ்ந்தார். பிடிபட்ட முந்நூற்றுக்கு மேற்பட்டோர் தேவாலயத்தினுள் அடைக்கப்பட்டனர்; 1649 மே 17 அன்று அவர்களுள் மூவர் தேவாலய முற்றத்தில் சுட்டுக்கொல்லப்பட்டனர். மூன்று மாதம் கழித்துக் கிராம்வெல் அயர்லாந்தில் இறங்கினார். உள்நாட்டு ஏழையின் வாயை அடைத்த பிறகே அயல்நாட்டு ஏழையின் நிலத்தில் அவர் கைவைத்தார் என்பதை, சிலையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் சேர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை.

புட்னியில் பேசியவை நமக்கு எப்படிக் கிட்டின? வில்லியம் கிளார்க் என்னும் எழுத்தர் அவற்றைச் சுருக்கெழுத்தில் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரியொன்றில் உறங்கி, 1891ஆம் ஆண்டில்தான் அச்சேறின. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் கிராம்வெல்லைப் பற்றி எழுதியவர் எவரும் அந்த வாதத்தை அச்சில் படித்ததில்லை.

பர்ஃபோர்டு கைதிகளுக்கு எழுத்தர் எவரும் இல்லை. அவர்களுள் ஆந்தனி செட்லி என்பவர் தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி விளிம்பிலுள்ள ஈயத் தகட்டில் தம் பெயரைக் கீறினார். அருகே 1649 என்னும் ஆண்டும், கைதி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும். இன்றைய வழக்கின்படி அச்சொல்லில் ஓர் எழுத்துக் குறைகிறது. கீறல் இன்றும் அங்கே இருக்கிறது.