கலிஃபோர்னியா: வர்றவனும் போறவனும்

அமெரிக்காவுல பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு கடைசியில வந்து நிக்கிற இடம் இதுதான்: "பேசாம டெக்ஸாஸ் போயிடலாம்யா, அங்க ஸ்டேட் டாக்ஸே கிடையாது." எல்லாத்துக்கும் வரிதான் காரணம்னு தீர்ப்பு சொல்லிட்டு காபி குடிச்சுக் கலைஞ்சிடுவாங்க. இது பாதிக் கதைதான்னு எனக்குத் தோணும்.

முதல்ல, சம்பாதிக்கிற வயசுப் பசங்க ஏன் அங்க போய்க் குவிஞ்சாங்க? 1956-ல வில்லியம் ஷாக்லி மவுண்டன் வியூவுல ஒரு செமிகண்டக்டர் ஆய்வகம் ஆரம்பிச்சார். அதே வருஷம் டிரான்சிஸ்டருக்காக நோபல் வாங்கின மேதை. அவர் அந்தப் பக்கம் போனதுக்கு அவரோட அம்மா பாலோ ஆல்ட்டோவுல இருந்ததும் ஒரு காரணம் (அம்மா செண்டிமெண்ட் நமக்கு மட்டும் சொந்தமில்ல போல :-)). மேதைதான், ஆனா அவர்கிட்ட வேலை பார்க்க முடியல. 1957-ல எட்டு பேர் மொத்தமா வெளிய வந்து ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினாங்க. அதுல நாய்ஸும் மூரும் 1968-ல அங்கேருந்தும் கிளம்பி இன்டெல் ஆரம்பிச்சாங்க.

இப்படி முதலாளிக்கு எதிர்க்கடை போட முடிஞ்சதுக்குப் பின்னாடி ஒரு பழைய சட்டம் இருக்கு. "வேலையை விட்டா போட்டிக் கம்பெனியில சேர மாட்டேன்"னு எழுதி வாங்குற ஒப்பந்தம் கலிஃபோர்னியாவுல செல்லாது. 1872 சிவில் சட்டத்துலயே போட்டு வெச்சது இது. மாசசூசெட்ஸ்ல அந்த ஒப்பந்தம் கோர்ட்டுல நின்னுது. எம்.ஐ.டி. இருந்தும், டிஜிட்டல், வாங் மாதிரி ராட்சசக் கம்பெனிங்க இருந்தும் அந்த ஊர் பின்தங்கிடுச்சு. வாங் 1992-ல திவால்; டிஜிட்டலை 1998-ல காம்பேக் வாங்கிடுச்சு. சட்டம் மட்டுமே காரணம்னு சொல்ல வரல. ஆனா 25 வயசுல, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கம்பெனிக்கு நாளைக்கே தாவலாம்னா சம்பளம் தானா ஏறும்.

சரி, அப்புறம் ஏன் மூட்டை கட்டுறான்?

இதுக்கு 1978 ஜூன் மாசத்துக்குப் போகணும். ஹோவர்ட் ஜார்விஸ்னு ஒருத்தர் முன்னால நின்னு நடத்தின வாக்கெடுப்பு, ப்ரொபொசிஷன் 13. வீட்டு வரி மதிப்புல 1 சதவீதம்தான். அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது, வீடு கைமாறுற வரைக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1978-ல 1 லட்சம் டாலர் மதிப்பு போட்ட வீடு, 45 வருஷம் கழிச்சும் வரிக்கணக்குல 2.4 லட்சம் சொச்சத்தைத் தாண்டாது. பக்கத்து வீட்டை 15 லட்சத்துக்கு வாங்கின புது ஆளு வருஷத்துக்கு 15,000 கட்டுவான், பெரியவர் 2,400 கட்டுவார். ரெண்டும் ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி! பெரியவர் எதுக்கு விக்கணும்? 1986-லேருந்து அந்தச் சலுகை பிள்ளைங்களுக்கும் போச்சு. 2020 வாக்கெடுப்புலதான் அதைக் குறுக்கினாங்க. போதாததுக்கு, நிலத்துல பெரும்பகுதி தனி வீடு மட்டும்தான் கட்டலாம்னு ஒதுக்கி வெச்ச ஊர்கள். வேலைக்கு ஆள் வந்துகிட்டே இருக்க, வீடு மட்டும் வளரல.

ஆக 25 வயசுல நாலு பேரோட ரூம் ஷேர் பண்ணிகிட்டு சந்தோஷமா இருந்தவன், 33-ல குழந்தை பிறந்ததும் வீட்டு விலையைப் பார்த்து மயங்கி விழறான். வரியும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா எல்லாரும் பயமுறுத்துற 13.3 சதவீதம் 10 லட்சம் டாலருக்கு மேல வர்ற வருமானத்துக்குத்தான். நல்ல சம்பளக்காரப் பையனோட மேல்தட்டு 9.3. டெக்ஸாஸ்ல வருமான வரி இல்லதான், 2019-ல அரசியல் சட்டத்துலயே தடை போட்டுட்டாங்க. ஆனா அங்க வீட்டு வரி சதவீதம் கலிஃபோர்னியாவைவிட அதிகம். கிறிஸ்டோபல் யங்னு ஒரு சமூகவியலாளர், கூட்டாளிகளோட சேர்ந்து 1999-லேருந்து 2011 வரைக்குமான வரிக்கணக்குகளை அலசி 2016-ல வெளியிட்டார். வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் சம்பாதிக்கிறவங்க மாநிலம் மாறுறது 2.4 சதவீதம், பொதுமக்கள் 2.9. பெரும் பணக்காரன் நகர மாட்டான், அவனோட தொழிலும் தொடர்பும் அங்கதான். நகர்றது இன்னும் வேர் விடாத இளசுங்கதான்.

நம்ம ஆளுங்க நிலைமை வேற. 1990 குடியேற்றச் சட்டம்தான் எச்1பி-யையும் கொடுத்தது, கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பையும் கொடுத்தது. வேலை பார்க்குற ஊர் மாறினா திரும்பப் பேப்பர் போடணும். அதனால டெக்ஸாஸ் பத்தி அதிகம் பேசுறவன்தான் பல சமயம் நகர முடியாம உக்காந்திருப்பான்.

2020-ல ஆபீஸ் பூட்டினதும் மத்தவங்க பறந்தாங்க. அந்த வருஷ மக்கள்தொகைக் கணக்குக்கு அப்புறம் கலிஃபோர்னியா சரித்திரத்துல முதல் தடவையா ஒரு நாடாளுமன்றத் தொகுதியை இழந்துச்சு; டெக்ஸாஸுக்கு ரெண்டு கூடிச்சு. ஆஸ்டின்ல வீட்டு விலை 2022 வரைக்கும் எகிறிச்சு. ஆனா அங்க கட்ட விட்டாங்க, அடுக்குமாடி முளைச்சுது, 2023-லேருந்து வாடகை இறங்குச்சு.