விண்ணில் உலோகத் தொழில்: கைத்திறனும் உடைமையும்

விண்வெளியில் பொருள் உற்பத்தி 2014ஆம் ஆண்டில், அமெரிக்கத் தனியார் நிறுவனமொன்றின் முப்பரிமாண அச்சுப்பொறியுடன் ஆரம்பித்தது என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. வரலாற்று நோக்கில் இது திருத்தத்தை வேண்டி நிற்பது. 1969 ஒக்ரோபரிலேயே சோயுஸ்-6 கலத்தில் வலேரி குபாசொவ், கியேவ் நகரின் பற்றன் நிறுவகம் ஆக்கிய 'வுல்கான்' பொறியை இயக்கி உலோகத்தை உருக்கி ஒட்டினார். 1984 யூலை 25இல் ஸ்வெத்லானா சவித்ஸ்காயா சல்யூட்-7 நிலையத்துக்கு வெளியே நின்று, கைக்கருவி கொண்டு உலோகத்தை வெட்டினார், ஒட்டினார், உலோகப் பூச்சும் இட்டார். உலோகத்தின் மீது உலோகத்தைப் படியவிட்ட அச்செயலில் இன்றைய முறையின் கருவைக் காணலாம். ('அச்சு' என்றதும் ஈயவெழுத்தை நினைக்கும் நம் கொழும்பு வாசகருக்கு ஒரு சொல்: இங்கு அச்சிடல் என்பது பொருளையே படைபடையாக அடுக்கி ஆக்குதல்.)

புவியிலே உருகிய உலோகத்துட் சிக்கிய வாயுக்குமிழிகள் மிதந்து மேலெழுந்து வெளியேறும். சுற்றுப்பாதையில் அம்மிதப்பு இல்லை. குமிழிகள் உள்ளே தங்கிப் பாகத்தைப் பலவீனப்படுத்தலாம். உலோகத்தூளும் பரப்பிய இடத்தில் நில்லாது. எனவேதான் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2024இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பரிசோதித்த பொறி, தூளை விடுத்துத் துருவேறா உருக்குக் கம்பியை லேசர் கொண்டு உருக்குகிறது.

தூளைப் பயன்படுத்தும் முறை புவியில் எத்துணை தூரம் வளர்ந்துள்ளது என்பதற்குத் தமிழகத்து மகேந்திரகிரியே சான்று. அங்கு 2024 மே 9இல், பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் நான்காம் கட்டத்துக்கென அச்சிடப்பட்ட எஞ்சின் 665 செக்கன்கள் இயக்கிச் சோதிக்கப்பட்டது. 14 பாகங்கள் ஒன்றாயின. 565 கிலோ மூலப்பொருளின் இடத்தை 13.7 கிலோ தூள் பிடித்தது. 19 ஒட்டுகள் இல்லாதொழிந்தன. சிக்கனம் மெச்சத்தக்கதே. ஆயினும் அந்த ஒட்டு ஒவ்வொன்றும், தொழிலாளர் 'வெல்டிங்' என வழங்கும் தேர்ந்த கைத்திறன் என்பதை அறிக்கைகள் கணக்கிலெடுப்பதில்லை. அத்திறன் அழிந்துவிடவுமில்லை. அது வடிவமைப்புக் கோப்பினுள் உறைந்து, கோப்பை உடையவரின் சொத்தாகியுள்ளது. எஞ்சினை அச்சிட்டது தனியார் துறையான விப்ரோவின் பிரிவு என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

2014 டிசம்பரில் விண்வெளி நிலையத்தில் அச்சிடப்பட்ட குறடும் இத்தகையதே. அதன் வடிவம் புவியிலிருந்து கோப்பாக அனுப்பப்பட்டது. ஐரோப்பியப் பொறியையோ பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து இயக்குகின்றனர். சவித்ஸ்காயா தம் கையாற் செய்த வேலையில், நிலையத்திலுள்ள விண்வெளி வீரருக்கு எஞ்சியிருப்பது, அச்சிடத் தொடங்குமுன் வாயு வால்வுகளைத் திறந்துவிடுதலே.