கினிப்பன்றி ஏன் நடுங்குகிறது?

மோர்டனில் நோர்தர்ன் லைன் ரயில் ஏறி, பாங்க் நிலையத்தில் சென்ட்ரல் லைனுக்கு மாறினால் எப்பிங் வரை போகலாம். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஹில் ஹோல் என்றொரு பழைய மாளிகை இருக்கிறது. முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் சேர் தோமஸ் ஸ்மித் கட்டியது. அங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்களுக்கு ஒரு சின்ன விலங்கின் எலும்புகள் கிடைத்தன. காலம் ஏறக்குறைய 1575. விலங்கு, கினிப்பன்றி.

அதே காலத்தில், 1580 அளவில், யாரோ ஒரு ஓவியர் மூன்று பணக்காரப் பிள்ளைகளை வரைந்தார். நடுவில் நிற்கும் சிறுமியின் கையில் ஒரு கினிப்பன்றி. ஓவியர் யார், பிள்ளைகள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கினிப்பன்றியை மட்டும் அடையாளம் தெரிகிறது!

அது பன்றியும் இல்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. அதன் சொந்த இடம் தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலை. அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள், செல்லப்பிராணியாக இல்லை, இறைச்சிக்காக. பெருவிலுள்ள குஸ்கோ தேவாலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த இயேசுவின் கடைசி இராப்போசனத்தில், தட்டில் கிடப்பதும் இதுதான் என்கிறார்கள். 1532இல் ஸ்பானியர் பெருவுக்குள் புகுந்தார்கள். 1554இல் சுவிஸ் அறிஞர் கொன்ராட் கெஸ்னர் இந்த விலங்கைப் பற்றி எழுதிவிட்டார். அவ்வளவு வேகமாக ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. எங்கள் சம்பலுக்குள் இருக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்ததுதான். தமிழில் கினிப்பன்றிக்குச் சீமைப் பெருச்சாளி என்றும் ஒரு பெயர் உண்டு. கடல் கடந்து வந்ததற்கெல்லாம் ‘சீமை’ என்று முன்னால் ஒட்டுவது எங்கள் பழக்கம். எங்கள் அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லை. அவவுக்கு அது ‘எலி’.

போன வருடம் அக்காவின் மகள் இரண்டு குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் ஒன்று, கை கிட்டப் போனாலே உறைந்துபோய் நிற்கும். “பாருங்கோ சித்தி, எவ்வளவு அமைதியா இருக்கு” என்றாள். அது அமைதி இல்லை. காட்டில் இதன் உறவுகள் புல்லுக்குள் கூட்டமாக வாழ்கின்றன. பருந்து மேலிருந்து வரும். கடிக்கவோ சண்டை போடவோ பெரிய வலிமை இல்லை. அசையாமல் நிற்பது, இல்லாவிட்டால் ஓடி ஒளிவது, இரண்டே வழி. இத்தனை ஆயிரம் ஆண்டு மனிதரோடு வாழ்ந்தும் அந்தப் பயம் போகவில்லை. ஆகவே மேலிருந்து இறங்கும் உங்கள் கை, குட்டிக்குப் பருந்துதான்.

நாங்கள் முதல் சில நாட்கள் தூக்கவே இல்லை. அவள் கூட்டுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து மெல்லிய குரலில் கதைத்தாள், கொத்தமல்லித் தண்டை நீட்டினாள். அது தானாக வந்து வாங்கிய பிறகுதான் அடுத்த படி. பக்கவாட்டில் தாழ்வாகக் கையைக் கொண்டுபோய், ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மற்றக் கையைப் பின்பக்கத்துக்கு அடியிலும் வைத்துத் தூக்கி, உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பின்பக்கத்தைத் தாங்காமல் தொங்கவிடவும் கூடாது. நின்றுகொண்டு தூக்கவே வேண்டாம். துள்ளி விழுந்தால் கால் அல்லது முதுகெலும்பு முறியலாம், தரையில் இருந்தால் விழுவதற்கு உயரம் இல்லை. பல்லை நறநறவென்று கடித்தால் “விடு” என்று அர்த்தம். உடனே ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள். முதலில் ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

தனியாக ஒன்றை வளர்ப்பதும் நல்லதல்ல. கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் சுவிட்சர்லாந்தில் 2008 முதல் சட்டமே அதை அனுமதிப்பதில்லை. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழானவர்களுக்குச் செல்லப்பிராணி விற்க முடியாது. பிள்ளை வளர்த்தாலும் சட்டப்படி பொறுப்பு பெரியவருக்குத்தான். (இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!)

இன்னொரு விஷயம், இதை நான் வாசித்தபோது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. 1907இல் நோர்வேயில் அக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தார்கள். மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடம்பாலும் விற்றமின் சி தயாரிக்க முடியாது. அந்த நோயை விளங்கிக்கொள்ள வழி திறந்தது அவற்றின் உயிரால்தான்.

அதனால் வைக்கோல் மட்டும் போதாது, நாளாந்தம் பச்சைக் காய்கறி வேண்டும். குடைமிளகாயில் விற்றமின் சி நிறைய இருக்கிறது. இப்போது சனிக்கிழமை தமிழ்க் கடைக்குப் போனால் அம்மா ஒரு குடைமிளகாய் கூடுதலாக வாங்குகிறா. யாருக்கு என்று கேட்டால், “எலிக்கு.”