அடி தாங்கிய ஆசான்கள்

வீரன் தனியே உருவாகிறான் என்பது நெடுங்காலமாக நம்மிடையே நிலவும் மயக்கம். தோட்டத்துத் திருவிழாவிலே சிலம்பம் வீசுவோனின் திறனைப் புகழும் நாம், அதைக் கற்பித்த வாத்தியார் யாரென்று ஒருவேளை விசாரிப்போம். நாள்தோறும் அவனெதிரே நின்று கம்படி பட்ட கூட்டாளியை விசாரிப்பதில்லை. குத்துச்சண்டையின் சரித்திரத்திலும் இக்குறை உண்டு.

1980ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியொன்று நடந்தது. அவருக்கு எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஆட்டம் உருவான வரலாற்றை அறிய விரும்புவோர் இந்த எல்லிஸையும் அறிதல் வேண்டும்.

இருவரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தவர். 1954இல், சைக்கிள் களவுபோன கோபத்தோடு முறையிட வந்த பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவனைத் தமது பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தார் ஜோ மார்ட்டின் என்னும் வெள்ளைக் காவலர். அச்சிறுவனே பின்னாளில் அலி. அதே நகரில் கறுப்பின இளைஞரைப் பயிற்றிய பிரெட் ஸ்டோனரிடமும் அவர் நுட்பங்களைக் கற்றார். 1960இன் இறுதியில் ஏஞ்சலோ டண்டி பயிற்சியாளரானார்.

கைகளைத் தாழ விடுவதும், குத்து வருகையில் தலையைப் பின்னே சாய்ப்பதும் இலக்கணப்படி பிழைகள். டண்டியோ அவற்றை அழிக்க முற்படவில்லை. மாணவன் இன்னும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டதாகவே பாராட்டுவார். மாணவனும் அதைத் தன் கண்டுபிடிப்பென்றே எண்ணிச் செய்வான். ஆசிரியத் தொழில் புரியும் நாம் சிந்திக்கவேண்டிய முறை இது.

எனினும், ஆசான் வாயாற் சொல்வது உடம்பிலே படிவதற்கு எதிரே ஓர் உடம்பு வேண்டும். 1960களில் அலிக்கு அவ்வாறு நின்றவர் எல்லிஸ். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே எல்லிஸ் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அதிபாரப் பிரிவுப் பட்டத்தை வென்றார். 1971இல் நண்பர் இருவரும் மோதியபோது டண்டி எல்லிஸின் பக்கம் நின்றார், அலி வென்றார். 1975இல் எல்லிஸ் ஓய்வுபெற்றார். இடக்கண்ணின் பார்வையைக் குன்றச் செய்த காயமே காரணம். அக்காயம் நேர்ந்தது பயிற்சியின்போது!

லாரி ஹோம்ஸின் கதை வேறு. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுக் கார் கழுவிப் பிழைத்த அவர், 1970களில் அலியின் முகாமிலே கூலிக்கு அடி வாங்கினார். வாங்கிய அடியிலேயே அலியின் இடக்கைக் குத்தைப் பயின்றார். 1980 அக்டோபர் 2ஆம் நாள் லாஸ் வேகாஸில் அந்தக் கையே பழைய முதலாளியைத் தோற்கடித்தது. பத்துச் சுற்றுகளுக்குப்பின் டண்டியே சண்டையை நிறுத்தினார்.

அலியும் அடிக்குத் தப்பியவரல்லர். கயிற்றிலே சாய்ந்து, தம்மைக் குத்துமாறு துணைவரை ஏவி உடம்பைப் பழக்கினார். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் போர்மனைக் களைப்புறச் செய்து வீழ்த்தியது அப்பழக்கமே. பத்தாண்டுகளுக்குப்பின் மருத்துவர்கள் அவரிடம் பார்க்கின்சன் நோய்க்குறிகளைக் கண்டறிந்தனர். போட்டியிலே விழுந்த குத்துகளுக்குக் கணக்குண்டு. பயிற்சிக்கூடத்தில் அவர் வாங்கியவற்றுக்கும், அவரிடம் பிறர் வாங்கியவற்றுக்கும் கணக்கு ஏது?

மலையக மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. செக்ரோலில் நாட்பெயர் விழும். கொழுந்தின் நிறை பதியப்படும். சரிவிலே நின்று தேய்ந்த முழங்காலைப் பதிய அதில் இடமில்லை. தேயிலைப் பெட்டியிலோ கம்பெனியின் பெயர் மட்டுமே மின்னும்.

அலியின் மேதைமையை மறுப்பது நம் நோக்கமன்று. அம்மேதைமை பலருடைய உழைப்பால் விளைந்தது என்று மாணவருக்குச் சொல்லுவோம். பட்டம் பெற்றவனின் பெயரை எழுதும் கரும்பலகையில், அவனெதிரே நின்றவனின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குவோம்.