குறைமாதப் பேற்றை முன்னறிதல்: மலையகத்தை நோக்கிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

கரு பத்துத் திங்கள் வயிற்றிற் கிடந்து முதிரும் என்பது நம்மவர் தொன்றுதொட்டுக் கூறிவரும் கணக்கு. இக்கால மருத்துவர் அதனை 40 வாரம் என்பர். 37 வாரம் நிறையுமுன் நிகழும் பேற்றைக் குறைமாதப் பேறு என வகுப்பர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. இத்தகைய பேற்றை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்பது மருத்துவ வரலாற்றின் நெடுநாள் வினா. அவ்வழி கிடைத்தபின், அக்கரப்பத்தனை போன்ற தேயிலைத் தோட்டத்துத் தாய்க்கு அது எவ்வாறு எட்டும் என்பது நம் நாட்டு வரலாறு எழுப்பும் வினா. இவ்விரண்டையும் ஈண்டு ஒருங்கே நோக்குவாம்.

கருப்பையின் அடிப்பகுதியாய் நின்று அதன் வாயிலைக் காப்பது கருப்பைக் கழுத்து. கரு வளருங்கால் அது நீண்டு இறுகி மூடியிருத்தல் வேண்டும். பேறு அணுகும்போது குறுகி விரிதல் இயல்பு. சில பெண்டிர்க்கோ ஐந்தாறு திங்களிலேயே, நோவு தோன்றாமலே, அது தளர்ந்து திறந்துவிடும். கரு மீண்டும் மீண்டும் அழிதற்கு இத்தளர்ச்சி ஒரு காரணமென உணர்ந்த பம்பாய்ப் பேராசிரியர் சிரோத்கர், அக்கழுத்தைச் சுற்றிக் கட்டிடும் முறையொன்றை வகுத்தார். தாயின் தொடையிலிருந்து எடுத்த தசையுறைக் கீற்றையே அவர் கயிறாகக் கொண்டார். இம்முறையை விளக்கும் அவரது கட்டுரை 1955இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஆன்டிசெப்டிக்’ என்னும் மருத்துவ இதழில் அச்சாயிற்று என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1957இல் மெல்போர்ன் நகரத்து மக்டொனால்ட் அதனினும் எளிய தையல் முறையொன்றை வெளியிட்டார்.

ஆயினும் எவருக்குக் கட்டு வேண்டும் என்று துணிதற்கு, முன்னைய இழப்புக்களின் வரலாறும் மருத்துவர் விரலின் உணர்வுமே அன்று துணையாயின. விரல் தொடுவது கழுத்தின் கீழ்ப்பகுதியை. முதலில் திறப்பதோ உட்புற வாயில். ஆதலின் விரல் அறியுமுன் காலம் கடந்துவிடும்.

இக்குறையை நீக்கியது ஒலி. செவிக்குப் புலனாகா மீயொலியை உடலினுட் செலுத்தி, எதிரொலியால் உட்பொருளின் உருவைக் காணும் முறையைக் கிளாஸ்கோப் பேராசிரியர் இயன் டொனால்ட் தம் துணைவரோடு 1958இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்டார். உலோகத்தின் உள்வெடிப்பைக் காண ஆலைகளிற் பயன்பட்ட கருவியே அம்முயற்சிக்கு அடிப்படை. இன்று நாம் ‘ஸ்கேன்’ என வழங்குவது அதன் வழிவந்ததே. வயிற்றின்மேல் வைத்து அளக்கும்போது, நிறைந்த சிறுநீர்ப்பை கழுத்தை நீட்டிக் காட்டக்கூடும். யோனிவழிக் கருவி வந்தபின் அப்பிழை பெரிதும் நீங்கியது.

1996இல் அமெரிக்காவில் ஐயாம்ஸ் என்பாரும் குழுவினரும் 2,915 பெண்டிரின் கருப்பைக் கழுத்தை 24ஆம் வாரமளவில் அளந்து வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். சராசரி நீளம் 35 மில்லிமீற்றர் எனக் கண்டனர். 40 மில்லிமீற்றருக்கு மேற்பட்டவரை நோக்க, 26 மில்லிமீற்றரும் அதனிற் குறைந்தும் உடையார் 35 வாரத்துக்கு முன் ஈனும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று. எனினும் இவ்வளவு ஊழ்வினையன்று. 25 மில்லிமீற்றருக்கு மேற்படாத கழுத்துடையாருள்ளும் ஐவரில் ஒருவரளவே அவ்வாறு ஈன்றனர். முன்கூட்டி ஈன்றோருட் பெரும்பாலோர்க்குக் கழுத்து அத்துணைக் குறுகியிருக்கவில்லை. ஆதலின் இதனை அச்சுறுத்தும் தீர்ப்பாகக் கொள்ளாது, விழிப்பூட்டும் குறியாகவே கொள்ளல் தகும்.

விழித்தபின் செய்யத்தக்கன உளவா எனின், உள. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கழுத்து 15 மில்லிமீற்றருக்கு மேற்படாத 250 பெண்டிருட் சிலருக்கு இரவுதோறும் புரொஜெஸ்தரோன் மருந்தும், ஏனையோர்க்கு மருந்தற்ற போலி உருண்டையும் அளிக்கப்பட்டன. 34 வாரத்துக்கு முன் ஈன்றோர் முன்னவருள் 19.2 வீதம், பின்னவருள் 34.4 வீதம். முன்னரும் குறைமாதத்தில் ஈன்றவர்க்குக் கட்டிடுதலும் பயன் தரும். மேலும், பேறு நெருங்குமுன் தாய்க்கு இடும் ஸ்டெரொயிட் ஊசி சிசுவின் நுரையீரலை முதிர்விக்கும் என 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹௌவி இருவரும் காட்டினர். அவ்வூசி நன்கு பயன்பட ஒரு நாளேனும் இடைவெளி வேண்டும். மலைப்பாதையில் நோவுடன் வரும் தாய்க்கு அந்த ஒரு நாள் கிடைப்பது அரிது. முன்னறிவு தருவது அந்நாளையே.

இனித் தோட்டத்தை நோக்குவாம். அக்கரப்பத்தனை நுவரெலியா மாவட்டத்தில், ஹோர்ட்டன் சமவெளியை அடுத்த உயர்மலைத் தோட்டப் பகுதி. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென இலங்கையில் 1872இலேயே சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், ஈன்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறையுளும் அளிக்கும் கடமையைத் தோட்டத்தின்மேல் வைத்தது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் எல்லாப் பேறுகட்கும் 12 வார விடுமுறை உரியதாயிற்று; அதில் இரண்டு வாரம் பேற்றுக்கு முன், பத்து வாரம் பின். லயத்து அறையில் மருத்துவிச்சி துணையோடு ஈன்ற காலம் போய், இன்று தோட்டத் தாயர் பெரும்பாலும் வைத்தியசாலையிலேயே ஈனுகின்றனர். இவையெல்லாம் போற்றத்தக்க முன்னேற்றங்களே.

ஆயினும் இச்சட்டங்களை அடுக்கி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவை காக்கும் வாரங்கள் பேற்றை ஒட்டியவை. கருப்பைக் கழுத்தை அளந்தறியும் காலமோ 18 முதல் 24 வாரம் வரை. அக்காலத்தில் அவள் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறாள். ஸ்கேன் செய்ய நகர் சென்று திரும்பினால் அன்றைய பேர் விழாது. கழுத்து குறுகியுள்ளதெனின் மீண்டும் மீண்டும் செல்லல் வேண்டும். நாட்கூலியை நம்பிய குடும்பம் அதனைத் தாங்குமா? ஏழாம் திங்களில் ஈன நேரும் ஒருத்திக்கு, முழுப் பேற்றுக் காலத்தைக் கணக்கிட்டு ஒதுக்கிய முன்விடுமுறை வந்தே சேர்வதில்லை. விடுமுறை அவளுக்குத் தேவைப்படும் காலத்துக்குப் பிந்தியே நிற்கிறது.

பம்பாயில் ஒரு மருத்துவர் தொடங்கிய கட்டும், கிளாஸ்கோவில் எழுந்த எதிரொலியும் நம் மலைகளுக்குப் பயன்பட வேண்டுமாயின், கருவியோடு அதனைப் பயின்ற கையும் அண்மையில் இருத்தல் வேண்டும். அவற்றோடு, நடுத்திங்களிற் பரிசோதனைக்குச் செல்லும் நாளைச் சம்பளத்தோடு கூடிய முழுப் பேராகக் கணக்கிடல் வேண்டும். 1912இல் ஈன்ற தாய்க்கு ஒரு மாத உணவை விதித்த சட்டவழி, இன்று ஈனப்போகும் தாய்க்கு இச்சில நாட்களை விதித்தல் அரிதன்று.